ஐஸ் மேல் கிடந்த வலிகள்

கித்தேரியம்மாளின் வலி அவள் உடம்பை விட்டு வெளியே வந்த நாளைச் சங்குமுனைக்காரர்கள் நெத்திலி மலிந்த நாள் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அன்று கரைவலையில் அள்ளி மாளாத நெத்திலி பட்டு, வாங்க ஆளில்லாமல் கோயில் முற்றம் வரைக்கும் காயப்போட்டு, ஊர் நாய்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின. அதற்கு நடுவே இறால் கம்பெனியில் ஒரு பெண் தன் முதுகிலிருந்து வலியை உருவி ஐஸ் மேல் வைத்துவிட்டாள் என்ற சேதி வந்தபோது, அப்படியா என்று கேட்டுவிட்டு எல்லோரும் நெத்திலியைப் புரட்டிப்போடப் போனார்கள்.

இறால் கம்பெனி என்று ஊரார் சொல்வது கடற்கரை ரோட்டில் இருக்கும் நீளமான கொட்டகையை. உள்ளே எஃகு மேசைகள், மேசைமேல் ஐஸ், ஐஸுக்குள் இறால், மேசைக்கு இரண்டு பக்கமும் முழங்கால்வரை ரப்பர் கம்பூட்டுப் போட்ட பெண்கள். தலையைக் கிள்ள வேண்டும், ஓட்டை உரிக்க வேண்டும், முதுகைச் சிறு கத்தியால் கீறி உள்ளே ஓடும் கறுப்புக் குடல் நரம்பை அறுந்துவிடாமல் ஒரே இழுப்பில் உருவ வேண்டும், உருவியதை வாளியில் போட்டுவிட்டு அடுத்த இறாலை எடுக்க வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து கித்தேரி இதைச் செய்துவந்தாள், நின்றுகொண்டே செய்துவந்தாள், விரல்கள் ஐஸில் மரத்துப்போய் யாருடைய விரல்களோ என்று தோன்றும்வரை செய்துவந்தாள்; விரல்தான் மரத்ததே தவிர இடுப்பு மரக்கவில்லை, இடுப்பில் தொடங்கிய வலி வலது தொடை வழியாக இறங்கிக் குதிகால்வரை போய், போன வழியிலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது.

மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணாகிப்போனபின் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வலிக்கென்றே இருந்த ஒரு டாக்டரம்மா முதுகை ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். பிறகு, தன்னைத்தானே வசியம் செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, மந்திரமும் இல்லை மாயமும் இல்லை, சொல்லித் தருகிறேன் என்றார். கண்ணை மூடு, மூச்சை மெதுவாக விடு, பக்கத்தில் ஒரு வாளி நிறைய ஐஸ் தண்ணீர் இருப்பதாக நினை, அதற்குள் கையை விடுவதாக நினை, கை மரத்துப்போகிறது, இப்போது அந்தக் கையை எடுத்து வலிக்கிற இடத்தில் வை, மரப்பு கையிலிருந்து அங்கே இறங்கட்டும்.

“நெனைக்க என்னத்துக்கு டாக்டரம்மா,” என்றாள் கித்தேரி. “எங்கை பொழுதன்னைக்கும் அதுக்குள்ளதான கெடக்கு.”

டாக்டரம்மா சிரித்து, அப்படியானால் பாதிப் பாடம் முடிந்தது என்றார். ஆனால் இரண்டு விஷயங்களைச் சிரிக்காமல் சொன்னார். வலி என்பது வாசலில் இருக்கிற காவல்காரன், அவனைக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லலாம், ஊரைவிட்டே அனுப்பிவிடக் கூடாது, அனுப்பினால் உள்ளே என்ன களவு போகிறது என்று உனக்குத் தெரியாது. இரண்டாவது, இதனால் வலி அடங்குமே தவிரத் தட்டு உள்ளே போகாது. வேலைக்கு நடுவே அவ்வப்போது உட்கார்ந்தே ஆக வேண்டும், உட்காராவிட்டால் ஒருநாள் நீ எழுந்திருக்கும்போது வலது கால் உன்னோடு எழுந்திருக்காது.

முதல் பாடம் அவள் கையில் இருந்தது. இரண்டாவதுக்கு ஒரு பெஞ்சு வேண்டும். கம்பெனியில் பெஞ்சு கிடையாது. உட்கார்ந்த கை ஓடாது என்பது முதலாளி கஸ்பாருடைய அப்பாவின் கொள்கை, அப்பா செத்தபின் கொள்கை மகனுக்கு வந்தது. பெண்கள் கேட்டபோதெல்லாம் மாதா திருவிழாவுக்குப் போட்டுவிடலாம் என்றார், திருவிழா போனபின் கிறிஸ்துமஸுக்கு என்றார், அதற்கப்புறம் சீசன் நன்றாக இருந்தால் என்றார், சீசன் நன்றாக இருந்தபோது இவ்வளவு வேலை கிடக்கும்போது பெஞ்சுக்கு எங்கே இடம் என்றார்.

ஆகவே கித்தேரி நின்றபடியே பழகினாள். முதலில் வீட்டில் கட்டிலில் படுத்துப் பழகிப் பார்த்தபோது உதடு மட்டும் அசைவதைப் பார்த்த புருஷன் ஜோக்கீம் பயந்துபோய் மெழுகுவத்தி ஏற்றி வைத்தான். வாளியும் தண்ணீரும் அவளுக்குச் சரிப்பட்டு வரவில்லை, நினைக்க நினைக்க வாளியைக் கழுவ வேண்டும் என்றுதான் தோன்றியது. அதனால் தனக்குத் தெரிந்த வழியில் போனாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கை தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருக்க, உள்ளுக்குள் தன்னையே ஓர் இறாலாகக் கிடத்தினாள். தலையைக் கிள்ளினாள், அதோடு வீட்டுக் கவலை போயிற்று; ஓட்டை உரித்தாள், அதோடு கொட்டகைச் சத்தம் போயிற்று; காலைக் கழற்றினாள், முதுகைக் கீறினாள், மரத்த விரலை உள்ளே விட்டு, கறுப்பாக ஓடிக்கொண்டிருந்ததை மெல்ல, அறுந்துவிடாமல், ஒரே இழுப்பில் உருவினாள். சில நாள் பாதி வந்தது, சில நாள் நுனி மட்டும் வந்தது. நெத்திலி மலிந்த அன்று முழுவதும் வந்தது. கண்ணைத் திறந்தபோது அது அவள் கையில் இருந்தது; கறுப்பாக, குளிர்ந்து, ஆள் உயர நீளத்தில், நுனி மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டு. பழக்கத்தில் வாளிப் பக்கம் கை போனது, பிறகு என்ன நினைத்தாளோ, எதிரே பாளமாகக் கிடந்த ஐஸ் பார் மேல் அதை வளைத்து வைத்தாள்.

பக்கத்தில் நின்ற சலேத் மேரி, கொட்டகையிலேயே வாய் ஓயாத பெண், அதைப் பார்த்துவிட்டாள்.

“மைனி, கொடல ஐஸ்ல போடாதிய, சூப்பர்வைசர் பாத்தா வைவாவ.”

“இறாலுக்குள்ளது இல்லட்டி. எனக்குள்ளது.”

சலேத் குனிந்து பார்த்தாள். “அதான பாத்தேன், இம்புட்டு நீளமா இருக்கே,” என்று சொல்லிவிட்டு, தனக்கும் தோள்பட்டையில் ஒன்று கிடக்கிறது, எப்படி எடுப்பதென்று சொல்லித் தரும்படி கேட்டாள்.

கித்தேரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள், சலேத் எதிர்மேசைக்குச் சொல்லிக்கொடுத்தாள், மழைக்காலம் தொடங்குவதற்குள் கொட்டகை முழுக்கப் படித்துவிட்டது. வேலைக்கு வந்ததும் கையை ஐஸில் வைத்துக் கண்ணைப் பாதி மூடி ஆளாளுக்குத் தன்னை உரித்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தி வலியும் ஒவ்வொரு மாதிரி வந்தது. தோள்பட்டை வலி கடல்பாசிபோலப் பட்டையாக வந்தது, மாதவலி சுருண்டு வந்தது, பல்வலி தூண்டில் நரம்புபோல மெல்லிசாக விறைத்துக்கொண்டு வந்தது. அவற்றை மேசை நடுவில் ஐஸ் பார்மேல் வரிசையாகக் கிடத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள், சாயங்காலம் சங்கு ஊதியதும் அவரவர் நரம்பை எடுத்து முதுகுப் பக்கமாகப் போட்டுக்கொண்டு, உள்ளே போனதும் ஒரு முனகல் முனகிவிட்டு, வீட்டுக்கு நடந்தார்கள். காவல்காரனை ஊரைவிட்டு அனுப்பக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கித்தேரி எல்லோருக்கும் முதல் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஊர் இதற்குத் தக்கபடி தன்னைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு உட்கார்ந்துகொண்டது. கிடக்கிற வலியைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் யாரும் சொல்லாமலே வந்தது. பெரிய வெள்ளியன்று யாரும் வலியைக் கழற்றி வைப்பதில்லை, அன்று மட்டும் வைத்துக்கொண்டிருப்பது மரியாதை என்றார்கள். பங்குச் சாமியார் சில ஞாயிறுகள் பிரசங்கத்தில் அதைத் தொடாமலே சுற்றி வந்தார். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு என்று எழுதியிருக்கிறதே தவிர, ஐஸ் மேல் வைக்காதே என்று எங்கும் எழுதவில்லை என்பது அவருக்கே தெரியும். கடைசியில் ஒரு மத்தியானம் கொட்டகையின் பக்கவாட்டுக் கேட் வழியாகத் தன் கால் பெருவிரல் வலியோடு வந்து சேர்ந்தார். சூப்பர்வைசர் தஸ்நேவிஸ் மட்டும், மேசைகளுக்கு நடுவே காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிற மனுஷன், வரிசையைப் பார்த்து, “என்ன, இடியாப்பம் பிழிஞ்சு வச்சிருக்கியளா,” என்று நக்கலாகக் கேட்டுவிட்டுப் போவார்.

ஆனால் ஐஸ் கரையவில்லை என்பதை முதலில் கவனித்ததும் தஸ்நேவிஸ்தான். வலி கிடக்கிற பார் காலையில் வந்த கூர் மழுங்காமல் சாயங்காலம்வரை அப்படியே இருந்தது. பெண்கள் நரம்பை எடுத்த மாத்திரத்தில்தான், விட்டதைப் பிடிக்கிற மாதிரி, மளமளவென்று உருகி ஓடியது. அவர் முதலாளியிடம் சொன்னார். கஸ்பார் வந்து பார்த்தார், பாரை விரலால் சுண்டிப் பார்த்தார், காலையும் மத்தியானமும் வந்துகொண்டிருந்த ஐஸ் லாரி மறுவாரம் காலையில் மட்டும் வந்தது. அப்புறம் விசைப்படகுக்காரர்கள் பல நாள் தங்கி மீன் பிடிக்கிற தங்கல் கடலுக்குப் போகும்போது ஒரு வலி பாரைக் கொடுத்தால் தேவலை என்று கேட்டு வந்தார்கள். அப்புறம், இடுப்பு வலிக்கிறது என்று யாரும் நெளியாத கொட்டகையில் சங்கு சாயங்காலம் ஊதியது போய் விளக்கு வைத்தபின் ஊதத் தொடங்கியது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் எதுவும் வலிக்கவில்லை; வலித்ததெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில் மொத்தமாக வலித்தது.

அந்த மொத்தத்துக்குப் பயந்து சிலர் நரம்பைக் கொட்டகையிலேயே விட்டுப் போக ஆரம்பித்தார்கள். சலேத் அப்படி விட்டுப்போன ஒருநாள், கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியது தெரியாமல் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளை அலறியபின்தான் குனிந்து பார்த்தாள். மறுநாள் கட்டுப் போட்ட காலோடு வந்து அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள், சிரித்தவர்கள் குறைவு.

கித்தேரி ஒருநாளும் விட்டுப் போனதில்லை. ஆனாலும் ஒரு ராத்திரி, நரம்பை உள்ளே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கால் கழுவ உட்கார்ந்தபோது, வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. உள்ளங்காலில் ஒரு சிப்பித் துண்டு ஏறி நின்றது, அது ஏறியதும் தெரியவில்லை. வலியை அவள் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் அந்தக் காலில் வலி போய் இறங்க இடம் குறைந்திருந்தது. டாக்டரம்மா சொன்னது இதுதான் என்று அவளுக்கு விளங்கியது. ஜோக்கீம் சிப்பியைப் பிடுங்கும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் முகம் சுளிக்காததைப் பார்த்து அவன்தான் அழுதான்.

மறுநாள் பெரிய ஆர்டர். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, மேசைமேல் மலைமலையாக இறால், காலையில் வந்துபோன ஐஸ் லாரி இனி வராது, இருந்ததெல்லாம் வலி கிடக்கிற பார்கள்தான். முதலாளி கஸ்பாரே கொட்டகைக்குள் வந்து நின்றார். வந்தவர் ஒரு ஏற்பாட்டைச் சொன்னார்: இனிமேல் தினமும் வலியைத் தூக்கிச் சுமந்துகொண்டு வீட்டுக்கும் கொட்டகைக்கும் அலைய வேண்டாம், எல்லாவற்றையும் குளிர் அறையில் வைத்துப் பூட்டிவிடலாம், பத்திரமாக இருக்கும், வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம், திங்கட்கிழமை காலையில் கொடுத்துவிட வேண்டும். சொல்லும்போது ஏதோ பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிக் கொடுக்கிறவர் மாதிரி சிரித்தார்.

கித்தேரி கத்தியைக் கீழே வைத்தாள். “முதலாளி, அது இருக்கட்டும். பெஞ்சு எப்பம் வருது?”

“பெஞ்சு எதுக்கும்மா?” என்றார் கஸ்பார், உண்மையிலேயே புரியாமல். “மேலு நோவுறவளுக்குல்லா பெஞ்சு வேணும். இங்க யாருக்கு நோவுது, சொல்லு பாப்போம்.”

அவர் கேட்டது அந்த நேரத்துக்கு நியாயமான கேள்விதான். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருத்திக்கும் எதுவும் நோகவில்லை. கித்தேரி ஐஸ் மேல் கிடந்த நரம்புகளைப் பார்த்தாள். அவளுடையது முதல் பாரில், எல்லாவற்றையும்விட நீளமாக, இரண்டு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்தாள். அது கஸ்பாருக்கு முன்னால் ஆடியது, அவர் ஓர் அடி பின்னால் போனார்.

“நான் பாடுபட்டு இதக் கழத்தி வைக்கப் படிச்சது என் ஒடம்புக்கு, முதலாளி. ஒங்க ஐஸுக்கு இல்ல.”

சொல்லிவிட்டு அதை முதுகுப் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து நின்ற நிற்பு முழுக்க ஒரே மூச்சில் இடுப்புக்குள் இறங்கியது, மிச்சமிருந்த பலத்தை வலது கால் அப்போதே கைவிட்டது. அவள் விழவில்லை, மேசை விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்து, தன் இஷ்டத்துக்கு இறங்குகிறவள்போல மெதுவாக இறங்கி, இறால் ஓடுகளும் தண்ணீரும் கிடந்த சிமென்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்தக் கொட்டகை கட்டிய நாளிலிருந்து அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கு நோவுது,” என்றாள்.

சலேத் மேரி அடுத்துக் கையை நீட்டினாள். அப்புறம் எதிர்மேசை, அப்புறம் அதற்கடுத்த மேசை. அவசரத்தில் எது யாருடையது என்று பார்க்கவில்லை, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சலேத்துக்கு வந்தது மூத்த பெண் ஒருத்தியின் முட்டுவலி, அந்த மூத்தவளுக்கு வந்தது எவளோ ஒரு சின்னப் பெண்ணின் மாதவலி, அதை மறந்தே வெகுகாலமாகியிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏட்டி இது யாருக்குள்ளது, இதோடயா நின்னிய, என்று கேட்டபடியே தரையில் சரிந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். எழுந்திருங்கள் என்று கஸ்பார் சொன்னார், ஆர்டர் என்றார், கப்பல் என்றார். சத்தம் போட்டபோதும் அவர் குரல் தண்ணீரின் சத்தத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் வலி போன பார்கள் அத்தனையும் ஒன்றாக உருகத் தொடங்கியிருந்தன, மேசை விளிம்புகளிலிருந்து தண்ணீர் கொட்டியது, இறால்கள் ஒவ்வொன்றாக மிதந்து தரைக்கு வந்தன, உட்கார்ந்திருந்தவர்களின் பாவாடையை நனைத்துக்கொண்டு அது கடல் பக்கத்து வாசல் வழியாக ஓடியது.

ஒரே ஒரு பார் மட்டும் உருகவில்லை. கடைசி மேசையில், மூலையில், யாரும் பார்க்காத இடத்தில் தனியாக ஒரு நரம்பு கிடந்தது, தாம்புக்கயிறு கனத்துக்கு. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் ஒன்று இருந்தது. கஸ்பார் அதைப் பார்த்ததும் முகம் தெளிந்து, அதை அப்படியே வைக்கும்படி, தொடாதிருக்கும்படி, சூப்பர்வைசரைப் பார்த்துச் சொன்னார்.

தஸ்நேவிஸ் அந்த மேசைக்கு நடந்துபோனார். காலையிலிருந்து மாலைவரை மேசைகளுக்கு நடுவே நடக்கிற அதே நடை. அங்கே போய் நின்று, எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கித்தேரியைத் திரும்பிப் பார்த்தார்.

“எடுங்க தம்பி,” என்றாள் அவள். “ஒங்களுக்குள்ளதுதான, என்னத்துக்குப் பயப்படுதிய.”

எப்போது படித்தார், எந்த மேசைக்குப் பின்னால் நின்று கேட்டுப் படித்தார், யாருக்கும் தெரியாது. எடுத்துப் போட்டுக்கொண்டார், இரண்டு முழங்காலும் ஒன்றாக மடங்கின, கதவோரமாகப் பெண்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். “இடியாப்பம் நல்லா வெந்திருக்காண்ணே,” என்று சலேத் கேட்டாள். வலியோடு வலியாகக் கொட்டகை முழுக்கச் சிரித்தது. நின்றுகொண்டிருந்தவர் முதலாளி ஒருத்தர்தான், கணுக்கால் அளவு தண்ணீரில்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கி வந்தார். சரி, நாளைக்கே பெஞ்சு வந்துவிடும், இப்போது எழுந்திருங்கள் என்றார்.

“வரட்டும் முதலாளி,” என்றாள் கித்தேரி. “வந்த பெறவு எந்திரிக்கோம்.”

அன்றைக்குச் சங்குமுனையில் தச்சர்கள் இல்லை, எல்லோரும் பக்கத்து ஊரில் படகு இறக்கப் போயிருந்தார்கள். சாமியார், விஷயத்தைக் கேள்விப்பட்டு, கோயில் பெஞ்சைத் தர முடியாது என்று சொல்லியனுப்பினார். கோயில் பெஞ்சு கோயிலுக்கு, கம்பெனி பெஞ்சைக் கம்பெனிதான் போட வேண்டும் என்றார், கம்பெனி ஐஸை நம்பியிருந்த அவருடைய பெருவிரலை நினைத்தால் அது தைரியமான பேச்சுதான். கடைசியில் கஸ்பார் தன் ஆபீஸில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் உட்காருகிற, சிவப்பு ரெக்சின் தைத்த நீள பெஞ்சை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவர வேண்டிய தஸ்நேவிஸ் தரையில் உட்கார்ந்திருந்ததால் ஒரு பக்கத்தை லாரி டிரைவரும் மறுபக்கத்தை முதலாளியுமாகத் தூக்கிக்கொண்டு, கடற்கரை ரோட்டில், ஊர் பார்க்க, இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, கொண்டுவந்து சேர்த்தார்கள். பெண்கள் எழுந்து, பாவாடையைப் பிழிந்து, முதலில் கித்தேரியைத் தூக்கி அதில் உட்காரவைத்தார்கள். மறுவாரம் தச்சர்கள் வந்து ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று செய்துபோட்டார்கள்.

மாறிப்போன வலிகளைத் திருப்பிக்கொள்ள நாளாயிற்று. சலேத் முட்டுவலியோடு கோயில் படி ஏறிப் பார்த்தபின் மூத்தவளை நொண்டி என்று கேலி பண்ணுவதை விட்டுவிட்டாள். சிலர் திருப்பிக்கொள்ளவே இல்லை, பழகிவிட்டது என்றார்கள்.

கித்தேரியின் கால் முழுதாகத் திரும்பவில்லை, மோசமாகவும் போகவில்லை; கைத்தடி வைத்துக்கொண்டு வருகிறாள், உட்கார்ந்து உரிக்கிறாள், உட்கார்ந்த கை நன்றாகத்தான் ஓடுகிறது. மத்தியானம் சாப்பிட்டபின் பெஞ்சில் சாய்ந்து, கையைக் கொஞ்சம் ஐஸில் வைத்து, கண்ணை மூடித் தன்னை உரித்து, நரம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அப்படி ஒரு மத்தியானம் அவள் கண் விழித்தபோது எதிரே கஸ்பார் நின்றார். சும்மா மடியில்தானே கிடக்கிறது, அந்த நேரம் மட்டுமாவது அந்தப் பார்மேல் வைத்தால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று தணிந்த குரலில் கேட்டார்.

கித்தேரி நரம்பைச் சுருட்டி, நுனி தொங்காமல் மடித்து, முதுகுப் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். உள்ளே போகும்போது முகம் ஒரு தடவை சுளித்து நேரானது.

“ஐஸ் வாங்கிக்கிடுங்க, முதலாளி,” என்று சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள்.